பிரிக்காத டேப்

இரண்டு நிமிஷ வேலை என்றுதான் பள்ளிக்கூடப் பியூன் ஆவுடையப்பன் ஸ்டூலில் ஏறினான். எந்த வேலைக்கும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும் என்று அவன் யாரிடமும் சொன்னது கிடையாது. தலைமையாசிரியை அறையின் சுவர் உச்சியில், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வாஷ்பேசினுக்குப் போகிற பழைய இரும்புக் குழாய், வளைகிற இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று இறுக்கினால் போதும். முதல் அரைச் சுற்று நன்றாகத்தான் வந்தது. அடுத்த அரைச் சுற்றில், உள்ளே துருப்பிடித்துக் கிடந்த மரை மளுக்கென்று ஒடிந்து, வளைவுத் துண்டு ஸ்பானரோடு தரையில் விழுந்தது. தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடித்தது. அவன் யோசிக்கவில்லை. வலது கட்டைவிரலைக் குழாயின் வாயில் வைத்து அழுத்தினான். தண்ணீர் நின்றது. கைகாரன்தான், சந்தேகமே இல்லை. அப்புறம்தான் கீழே பார்த்தான். ஸ்டூலை ஒட்டி மூன்று மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்று நாற்பத்திரண்டு பேருடைய மதிப்பெண் சான்றிதழ்கள் பதிவெண் வரிசையில் பரப்பிக் கிடந்தன. நாளைக் காலை கொடுக்கவேண்டியவை. அந்தக் கோடியில் அவனுடைய செல்போன் கிடந்தது. சட்டைப்பையில் இருந்தால் விழுந்துவிடும் என்று அவனேதான் பத்திரமாக வைத்திருந்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து முப்பத்தெட்டு.

"லூர்து!" என்று கத்தினான். "ஏ லூர்து! யாராவது இருக்கியளா?" வெளியே மைதானத்தில் விளையாட்டு விழா. டிரம் அடிக்கிறார்கள், பிள்ளைகள் அணிவகுத்துப் போகிறார்கள், உடற்கல்வி ஆசிரியர் மைக்கில் ஒவ்வொரு அணியின் பெயரையும் இழுத்து இழுத்துச் சொல்கிறார். அந்த மைக்கையும் காலையில் வந்ததும் இவன்தான் சரிசெய்து கொடுத்தான். இப்போது அது இவன் குரலை முழுங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடமே மைதானத்தில் இருக்கிறது, காவல்காரன் லூர்துவும் அங்கேதான் சிறப்பு விருந்தினருக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். மாடிச் சாவி லூர்துவின் இடுப்பில். மாடிக்குப் போய் வால்வை மூடிவிட்டு அல்லவா குழாயில் கைவைத்திருக்க வேண்டும். எந்தப் பிளம்பரும் முதலில் அதைத்தான் செய்வான். ஆனால் வால்வை மூட வேண்டுமென்றால் சாவி கேட்க வேண்டும், சாவி கேட்டால் லூர்து, என்ன அண்ணாச்சி, பெரிய வேலையா என்று கேட்பான், இது பெரிய வேலை இல்லையே, இரண்டு நிமிஷம்தானே. மேஜையையாவது நகர்த்தியிருக்கலாம். "ஆவுடையப்பன், வரிசை கலைஞ்சிரும், அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்று ஹெச்.எம். சொல்லியிருந்தாள். எட்டரை மணிக்கு வீட்டுக்கே போன் போட்டு வரச்சொன்னதும் அவள்தான். என் ரூம்ல பைப் ஒழுகுது, சர்டிபிகேட் எல்லாம் கீழ இருக்கு, இன்னைக்குன்னு எந்த பிளம்பரும் வரமாட்டான், நீங்க இருக்கீங்கல்லா. நீங்க இருக்கீங்கல்லா என்று யாராவது சொல்லிவிட்டால் ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்காது. அப்படியே போட்டது போட்டபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். எதைப் போட்டது போட்டபடி என்று ஒரு கேள்வி மனதின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அதற்குள் விரலோரமாய்த் தண்ணீர் கசிந்து முழங்கை வழியாக இறங்க, அவன் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு முழங்கையை மேஜைப் பக்கம் சொட்டாமல் திருப்பினான்.

எதையாவது வைத்துக் குழாயை அடைக்கலாம். ஒரு மரத்துண்டு, ஒரு கார்க், துணியைச் சுருட்டிக் கட்டினாலும் பத்து நிமிஷம் தாங்கும். கைக்குட்டையை எடுத்துச் சுருட்டி, விரலை எடுத்த கையோடு திணித்துப் பார்த்தான். புளிச்சென்று துப்பிவிட்டது. இரண்டு சொட்டு மேஜையில் விழுந்தன. யாரோ ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் வட்டமாக நனைந்தது. பதறிப்போய் மறுபடி விரலை வைத்தான். சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று இடது கையால் துழாவினான். பேனா, டெஸ்டர், பஸ் டிக்கெட் ஒன்று, அப்புறம் வட்டமாக, வழவழப்பாக ஒன்று. வெளியே எடுத்தான். கறுப்பு இன்சுலேஷன் டேப். புதுசு. மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாள்கூடக் கிழிக்கவில்லை. இதை யாருக்கு வாங்கினோம், நேற்றுச் சாயங்காலம் கடையில் நின்று வாங்கினோமே, எதற்கு என்று சாதாரணமாகத்தான் யோசித்தான். கிரைண்டருக்கு. வீட்டில் மாவாட்டுகிற கிரைண்டரின் வயரை அடியில் எலி கடித்திருந்தது. காலையில் உட்கார்ந்து கடித்த இடத்தை வெட்டி, சீவி, இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்து, ஒன்றையொன்று தொடாமல் விலக்கி வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டான். சுற்றியது. இனி டேப் சுற்றினால் வேலை முடிந்தது. அப்போதுதான் போன் வந்தது. டேப் இதோ கையில் இருக்கிறது.

ஸ்டூல் ஆடியது, சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டான். வீட்டில் பெண்டாட்டி வடிவு பதினொரு மணிக்கு மாவாட்டுவாள். காலையில் சீரியலை மறுபடி போடுவார்கள், அது பதினொரு மணிக்கு முடியும், முடிந்ததும் ஊறப்போட்ட அரிசியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். வெறுங்காலோடு. கழுவின தண்ணீரைத் தரையில் சிந்திக்கொண்டே. இருபத்து மூன்று வருஷமாக அவள் அப்படித்தான். கிரைண்டருக்குச் சுற்றிலும் தகரம். அந்தத் தகரத்தின் அடியில் இரண்டு செப்புக் கம்பி மொட்டையாக. நான் அவளிடம் சொன்னேனா, தொடாதே என்று சொன்னேனா. சொல்லியிருப்பேன். எந்த மடையனும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான். என்ன சொன்னேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றபோது அவள் அடுக்களையிலிருந்து, கிரைண்டர் என்னாச்சு என்று கேட்டாள். நான் "முடிஞ்சிட்டு" என்றேன். முடிஞ்சிட்டு, போட்டுக்கோ என்றேன். ஐயோ, போட்டுக்கோ என்று வேறு சொன்னேன். டேப் மட்டும்தானே பாக்கி, அதனால் மனசுக்குள் முடிந்துவிட்டது, வாயில் வந்துவிட்டது. பழைய டேப் ஒன்று இருந்ததே, டப்பாவில், அட்டையோடு ஒட்டிக்கொண்டு நாலு சுற்று மிச்சம் இருந்ததே. அதைச் சுற்றினேனோ. பல்லால் கடித்துப் பிய்த்த மாதிரி ஞாபகம் இருக்கிறது. நாக்கில் அந்த ரப்பர் ருசிகூட இருக்கிறது. இருக்கிறதா. எச்சிலை விழுங்கிப் பார்த்தான். அது இன்றைக்குக் கடித்ததா, போன மாசம் தமிழ் டீச்சர் வீட்டு அயர்ன் பாக்ஸுக்குக் கடித்ததா. எத்தனை டேப் கடித்திருக்கிறான், எந்த ருசி எந்த நாளுடையது என்று யார் கண்டது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டேனா. பிடுங்கியிருந்தால் முடிஞ்சிட்டு என்று எப்படிச் சொல்லியிருப்பேன். டிரிப் சுவிட்ச் இருந்திருந்தால் கரண்ட் கசிந்த உடனே தானாக விழுந்திருக்கும். அது மழைக்காலத்தில் சும்மா சும்மா விழுகிறது, வீடு இருண்டுபோகிறது என்று, இவனே கழற்றி எறிந்துவிட்டு லைனை நேராகக் கொடுத்திருந்தான். அது சும்மாவா விழுந்தது. எங்கேயோ கசிகிறது, பாரடா பாரடா என்று சொல்லிக்கொண்டு விழுந்திருக்கிறது. மணி பத்து நாற்பத்தாறு.

இறங்கினால் என்ன. விரலை எடு, இறங்கு, மேஜையைச் சுற்றி ஓடு, போனை எடு, பேசு. ஒரு நிமிஷம். ஒரு நிமிஷத்தில் அரை இஞ்சுக் குழாய் எவ்வளவு தண்ணீரைக் கொட்டும் என்று அவனுக்குத் தெரியும். நூற்று நாற்பத்திரண்டு தாளும் கூழாகிவிடும். அதுகளும் பிள்ளைகள்தானே, ஒவ்வொன்றுக்கும் டூப்ளிகேட் வாங்க ஒவ்வொரு அப்பனும் எங்கெல்லாம் அலைய வேண்டும். அவள் ஒருவேளை இன்றைக்கு மாவே ஆட்டாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டு நிற்கலாம். பழைய டேப்பைச் சுற்றியும் இருக்கலாம், சுற்றினேன், சுற்றியிருப்பேன். இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கிறது, அதற்குள் யாராவது தண்ணீர் குடிக்கவாவது இந்தப் பக்கம் வராமலா போவார்கள். "யாராவது வாங்களேன்!" என்று மறுபடி கத்தினான். அப்படிக் கத்தும்போதுகூடக் குரலில் ஒரு கூச்சம் இருந்ததை அவனே கேட்டான். காப்பாத்துங்க என்று கத்த வாய் வரவில்லை. காப்பாற்றுகிறவன் அவனல்லவா. இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து முதல் மூன்று வருஷம் அவனுக்குப் பெயரே கிடையாது. ஏப்பா, தம்பி, இந்தாப்பா பியூன். ஒருநாள் மின்சார மணி அடிக்காமல் போய், பீரியட் மாறாமல் ஒரே குழப்பமாகக் கிடந்தபோது, அவன் சும்மா ஒரு பிளேடை வைத்துத் திறந்து, உள்ளே கரி பிடித்திருந்த இடத்தைச் சுரண்டிவிட்டான். அடித்தது. எப்படி அடித்தது என்று அவனுக்கே தெரியாது. மறுநாள் அசெம்பிளியில் அப்போதைய ஹெச்.எம். அவன் பெயரைக் கேட்டு மைக்கில் சொன்னார். ஆவுடையப்பன் இருக்கிறார், நமக்கு இனி கவலை இல்லை. அறுநூறு பிள்ளைகளும் கைதட்டினார்கள். அவனுடைய கல்யாணத்தில்கூட யாரும் அவனை அப்படிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஃபேன், பூட்டு, நாற்காலிக் கால், மூக்குக்கண்ணாடித் திருகு, ஆய்வகத்து விளக்கு என்று எதற்கும் அவன்தான். அவன் எவரிடமும் எதையும் கற்றதில்லை. திறந்து பார்ப்பான், தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான், பாதி நேரம் அதுவாகவே சரியாகிவிடும். இந்த ரகசியம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் அவன் பயம் கூடிக்கொண்டே போயிற்று. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் அவன் மாட்டின ஃபேன். அது கழன்று விழாமல் பிடிக்கிற பின்னைத் திருப்பி வளைத்தானா. அதன் கீழே நாற்பது தலை. தமிழ் டீச்சரின் அயர்ன் பாக்ஸ். ஹெச்.எம்மின் கார் ஹாரன். மச்சினி வீட்டு கீசர். ஊர் முழுக்க அவன் முறுக்கின முறுக்கெல்லாம் எங்கெங்கோ மொட்டையாகக் காத்துக்கொண்டிருப்பது போலிருந்தது. எங்கே எதைப் பாக்கி வைத்தேன். எல்லா இடத்திலும் முடிஞ்சிட்டு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே.

ஒருமுறை வடிவுக்கு ஷாக் அடித்திருக்கிறது. மகள் உலகம்மை அப்போது நாலாவது படித்தாள். இவன் சரிசெய்து கொடுத்த மிக்ஸியில். சுள்ளென்று அடித்து, அவள் கையை உதறி, சுவரோரமாகப் போய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் இவனைப் பார்த்துச் சிரித்தாள். இவனும் சிரித்தான். "லேசா லீக் ஆவுது, செருப்பு போட்டுக்கோ" என்று சொன்னான். செருப்பு போட்டுக்கோ. பெண்டாட்டியிடம் ஒருவன் சொல்கிற பேச்சா அது. அவள் ஏன் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. ஏன் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இத்தனை வருஷம் கழித்து இந்த ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு யோசித்தபோது அது சிரிப்பு மாதிரியே இல்லை. கட்டைவிரல் மரத்துப்போய், அது தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. மணி பத்து ஐம்பத்திரண்டு. அப்போது கீழே போன் அடித்தது. மேஜையின் கோடியில் சான்றிதழ்களின் மேல் வெளிச்சம் போட்டுக்கொண்டு அதிர்ந்தது. இங்கிருந்தே எழுத்து தெரிந்தது. வடிவு.

அவன் விரலை எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றான், விரல் குழாயிலேயே இருந்தது. போன் நின்றது. கூப்பிடுகிறாள் என்றால் உயிரோடு இருக்கிறாள், நல்லதுதானே, இன்னும் உட்காரவில்லை, சீரியல் ஓடுகிறது என்று தனக்குத்தானே வேகமாகச் சொல்லிக்கொண்டான். உடனே வேறொன்று தோன்றியது. வடிவு போனிலிருந்து வடிவுதான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து, அவள் போனைத் தேடி எடுத்து, அதில் இருக்கிற முதல் பெயரைக் கூப்பிடலாம். அப்படித்தான் கூப்பிடுவார்கள். இல்லை, மணி இன்னும் பதினொன்று ஆகவில்லை. சீரியலில் இன்றைக்கு விளம்பரம் கம்மியாக இருந்தால். கரண்ட் போய்விட்டால், ஆமாம், கரண்ட் போகட்டும், முருகா, ஊர் பூராவும் கரண்ட் போகட்டும். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பத்து ஐம்பத்தேழு. டிரம் சத்தம் நின்று வெளியே எல்லோரும் கைதட்டினார்கள். அவனுக்குத் திடீரென்று, இனி நடக்கப்போவது முழுசாகத் தெரிந்தது. ஆட்கள் ஓடி வருவார்கள், சைக்கிளில், பைக்கில், வாசல்வரை வந்துவிட்டு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்பார்கள். அப்போதும் அவன் இதே ஸ்டூலில் இதே மாதிரி விரலை வைத்துக்கொண்டு நின்றிருப்பான். கீழே அந்த இரண்டு சொட்டைத் தவிர ஒரு தாள்கூட நனைந்திருக்காது. நல்லவேளை, ஆவுடையப்பன் இருந்தான், சர்டிபிகேட் எல்லாம் பிழைத்தது என்று நாலு பேர் சொல்வார்கள். நிச்சயம் சொல்வார்கள். விரலை எடுத்தான்.

தண்ணீர் அவன் மார்பில் அடித்து, அப்படியே மேஜைமேல் பாய்ந்தது. அவன் இறங்கவில்லை, விழுந்தான். முழங்காலில் எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு போய், போனை எடுத்தான். ஈர விரலுக்குப் போன் வேலை செய்யவில்லை. தேய்த்தான், தட்டினான், திரையில் என்னென்னவோ திறந்து மூடியது. பேண்ட்டில் துடைத்தால் பேண்ட்டும் ஈரம். கைக்குக் கிடைத்த காய்ந்த தாள் ஒன்றை எடுத்து விரலையும் திரையையும் துடைத்தான். துடைத்த பிறகுதான் அது என்ன தாள் என்று பார்த்தான். பார்த்துவிட்டு இன்னொரு தடவையும் துடைத்தான். அந்தப் பக்கம் மணி அடித்தது. எடு, எடு வடிவு, எடுத்துரும்மா. எடுத்தாள். முதலில் அவள் குரல் வரவில்லை. கிரைண்டர் சுற்றுகிற சத்தம் வந்தது.

"கையை எடு!" என்று அலறினான். "வடிவு, கையை எடு, தொடாத, தொடாத!"

"என்னங்க? என்ன சத்தம் அங்க? மழையா?"

"கிரைண்டரத் தொடாத, வெலகு, மெயின ஆப் பண்ணு, டேப் சுத்தல, நான் டேப் சுத்தாம வந்துட்டேன்..."

"ஏங்க, மெதுவா. சீரியல் சீக்கிரமே முடிஞ்சிட்டு, மாவு தள்ளிக்கிட்டுதான் இருக்கேன். ஒண்ணும் ஆவல." அவள் கிரைண்டரை நிறுத்தினாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசிப்பது இவனுக்குக் கேட்டது. "செல்வின் தம்பி வந்து பாத்துட்டுப் போயிட்டான்" என்றாள்.

"எந்தச் செல்வின்?"

"நம்ம தெரு எலக்ட்ரீசியன். நீங்க தெருமுனை திரும்புனதும் கூப்பிட்டேன். அவன் வந்து பிரிச்சுப் பாத்துட்டு, அக்கா, நல்ல வேளைன்னான். சுத்தி, ஒட்டி, வெளிய தெரியாம வச்சுட்டுப் போயிருக்கான்."

"இன்னைக்கா?"

தண்ணீர் மேஜையிலிருந்து தரைக்கு வழிந்து அவன் காலைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. சான்றிதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நகர்ந்தன.

"வடிவு, இன்னைக்கு மட்டுமா?"

"விடுங்க" என்றாள். பிறகு, ரொம்பத் தணிந்த குரலில், "நீங்க எதச் சரி பண்ணுனாலும் அவன் ஒரு தடவ பாத்துருவான். பத்துப் பன்னெண்டு வருசமா. அந்த டிரிப் சுவிட்சயும் திரும்பப் போட்டுக் குடுத்துருக்கான், மாடிப்படிக்கு அடில. உங்ககிட்ட சொன்னா உங்களுக்கு மனசு சங்கடப்படும்னுதான்."

ஆவுடையப்பன் மேஜைக்காலைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்தான். அவனுக்கு அழுகை வந்தது, அது எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் உயிரோடு பேசிக்கொண்டிருந்தாள், அது போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது. அவளுக்கு உயிர் இருப்பது அவன் பேச்சை அவள் நம்பாததால்தான் என்பதும் கூடவே தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் அவள் அதை முகத்தில்கூடக் காட்டவில்லை. நல்லா ஓடுதுங்க, நல்லா ஓடுதுங்க என்றே சொல்லியிருக்கிறாள்.

"அழுறீங்களா? இங்க பாருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. போன் போட்டும் எடுக்கலன்னதும் வேலையா இருப்பீங்கன்னு நெனச்சேன். சோறு வைக்கவா, அங்க சாப்பிடுவீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்." அவள் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. இத்தனை பதறுகிறானே, நமக்காகப் பதறுகிறானே என்கிற சந்தோஷம். "பாவம், அங்க போயும் இதே நெனப்பா. எப்பங்க ஞாபகம் வந்துச்சு?"

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வெளியே வராந்தாவில் யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம், ஹெச்.எம்மின் குரல். அவன் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டான்.

"இப்பத்தான்" என்றான். "ஞாபகம் வந்ததும் கூப்பிட்டுட்டேன்."